மொத்தமாக முடித்த கணக்கு

எங்கள் தெருவில் கடன் இல்லாத ஆள் யார் என்று கேட்டால் முனையில் நிற்கும் விளக்குக் கம்பத்தைத்தான் காட்டவேண்டும். எனக்கும் கடன் இருந்தது. நூல் கடையில் கொஞ்சம், துணிக்கடையில் கொஞ்சம். தையல்காரனுக்குக் கடன் இல்லையென்றால் அவனிடம் தைக்கத் துணி இல்லை என்று அர்த்தம். ஆனால் என் கடைக்கு எதிரே இருந்த பேக்கரியில் கடன் வீட்டு மனுஷர்களில் ஒருவராகவே ஆகிவிட்டிருந்தது. காலையில் எழுந்தால் அதற்குப் பதில் சொல்லவேண்டும், சாயங்காலம் அதைச் சமாதானப்படுத்தி அனுப்பவேண்டும்.

அப்படி ஒன்றும் அவர்கள் ஊதாரிகள் இல்லை. பேக்கரிக்காரர் பீடி கூடக் குடிக்கமாட்டார். ஒரு பெரிய மாணவர் விடுதிக்கு ரொட்டி போட ஒப்புக்கொண்டதுதான் வினை. தினமும் விடியும்போது பேக்கரியம்மாவின் தம்பி சைக்கிளில் இரண்டு பெட்டி கட்டி எடுத்துப்போவான். மாதம் முடிந்தால் பணம் என்றார் அங்கே சாப்பாட்டுக் காண்டிராக்ட் எடுத்தவர். மாதம் முடிந்தது, அடுத்த மாதமும் முடிந்தது. ரொட்டியை நிறுத்தினால் பழைய பணம் வராதே என்று இவர்கள் போட்டுக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் காண்டிராக்ட் கைமாறியது, பழைய ஆள் கையை விரித்துவிட்டார். பிள்ளைகள் தின்று தீர்த்த ரொட்டிக்கு மாவு, முட்டை, விறகு, எல்லாம் இவர்கள் தலையில் விடிந்தது.

பேக்கரிக்காரருக்குக் கை உண்டு, வாய் கிடையாது. “மாவோட பேசுவாரு, மனுஷனோட பேசமாட்டாரு” என்று அவர் மனைவியே சொல்வாள். கடன்காரர் தலை தெருவில் தெரிந்தால் போதும், கடைக்குப் பின்னால் மாவு அறைக்குள் போய், மர ஏணியில் ஏறிப் பரணில் உட்கார்ந்துகொள்வார். அங்கே காலி மூட்டைகள் அடுக்கியிருக்கும். அவர் பாட்டுக்கு உட்கார்ந்திருப்பார். கீழே பேக்கரியம்மா நின்று வந்தவர்களுக்குப் பதில் சொல்லவேண்டும்.

ஒருமுறை முட்டைக்காரம்மா வந்திருக்கும்போது மேலே தும்மல் கேட்டது. மாவுத் தூசி யாரை விட்டது?

“என்னம்மா அது?” என்றாள் முட்டைக்காரம்மா.

“எலி, அக்கா.”

“எலி தும்முமா?”

“இந்த எலி தும்மும்” என்றாள் பேக்கரியம்மா. இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். அன்றைக்கு அந்தம்மா கடனைக் கேட்கவே இல்லை.

எல்லோரும் அப்படி இருப்பார்களா? மாவு மண்டிக்காரருக்குத்தான் பெரிய தொகை தரவேண்டும். அவர் வந்தால் சத்தம் போடமாட்டார். மாவு அறை வாசலில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மேல்துண்டால் முகத்தை விசிறிக்கொண்டு, ஒன்றும் பேசாமல் இருப்பார். அந்த மௌனத்துக்கு நாலு ஏச்சு ஏசிவிட்டுப் போகலாம். அடுப்புக்கும் இரும்புத் தட்டுகளுக்கும் தவணை வசூலிக்கிற இளைஞன் பைக்கை அணைக்காமலே வாசலில் நின்று உறுமவிடுவான். தெரு முழுக்கக் கேட்கும். கேட்கவேண்டும் என்றுதான் அப்படிச் செய்வான்.

இந்த நிலைமையில் பழைய காண்டிராக்ட்காரரின் வீட்டு வாசலில் விடாப்பிடியாக நின்று பேக்கரியம்மா ஒரு சின்னத் தொகை வாங்கி வந்தாள். மலைபோல வரவேண்டிய இடத்தில் மடு அளவு. அதை எப்படிப் பங்கு போடுவது என்று அன்று மத்தியானம் பேச்சு நடந்தது. நான் பித்தான் காஜா எடுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் தெரு அகலம் அவ்வளவுதான்.

“எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் குடுத்துடலாம்” என்றார் பேக்கரிக்காரர்.

“குடுத்து? யானைப் பசிக்குச் சோளப்பொரி. மண்டிக்காரர் அத எடுத்துப் பையில போட்டுக்கிட்டு, மறுபடியும் அந்த ஸ்டூல்லதான் உக்காருவாரு.”

“அப்புறம் என்ன செய்ய?”

“முட்டைக்கார அக்காவுக்கு மொத்தமா முடிச்சிடலாம். பாவம், வீட்டுக்காரர் இடுப்பு ஒடிஞ்சு கெடக்கிறாரு. அந்தம்மா சைக்கிள் டயரப் பாத்தீங்களா? டயர விட ஒட்டுத்தான் அதிகம். ஒருத்தர் முகத்தையாவது நிமிந்து பாக்கலாம்ல?”

பேக்கரிக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு எப்போதும்போல மூடிக்கொண்டார்.

பேக்கரியம்மா மாதச் சம்பளக்காரர் வீட்டுப் பெண். அவள் அப்பா ஒரு ஆபீஸில் கடைநிலை வேலை பார்த்தவர். சம்பளம் வந்ததும் மளிகைக்காரனுக்குக் கடைசிச் சல்லி வரை கொடுத்துவிட்டு வந்தால்தான் அவருக்கு அன்று தூக்கம் வரும். அந்த வீட்டில் அது கௌரவம். தொழில் செய்கிறவர்கள் உலகம் வேறு. இங்கே யாரும் யாருக்கும் கணக்கை மொத்தமாக முடிப்பதில்லை. பத்துப் பங்கு தரவேண்டுமென்றால் ஒன்பது தருவார்கள், ஒரு பங்கு நிற்கும். அது நிற்கிறவரை உறவு நிற்கிறது, நாளைக்கும் கடைக்கு வருவேன் என்று அர்த்தம். முழுதாகக் கொடுத்துத் தீர்த்தால் உன் சங்காத்தம் வேண்டாம் என்று முகத்தில் அடித்த மாதிரி. இல்லையென்றால் இன்னும் மோசமான ஒன்று.

அந்த இன்னும் மோசமான ஒன்றுக்கு எங்களிடம் உதாரணமும் இருந்தது. பக்கத்துத் தெருவில் பிஸ்கட் போட்டுக்கொண்டிருந்தவர் ஒரு சாயங்காலம் டீக்கடைப் பாக்கியை முடித்தார், சலவைக்காரர் பாக்கியை முடித்தார், எனக்கும் தையல் கூலியைத் தந்து முதுகில் தட்டிவிட்டுப் போனார். மறுநாள் அவர் கடையில் பூட்டு. மனசாட்சி உள்ள மனுஷர், அதனால் சின்னக் கடன்களை அடைத்துவிட்டார். பெரிய கடன்களுக்கு மட்டும் ஓடிப்போனார். அவரால் அதிகம் அடிபட்டவர் மாவு மண்டிக்காரர்தான்.

இதெல்லாம் பேக்கரியம்மாவுக்கு யார் சொன்னார்கள்? முட்டைக்காரம்மாவின் கையில் நோட்டுகளை வைத்து மூடினாள். அந்தம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷத்தில் கால் தரையில் பாவாமல் போனவள், வழியில் மண்டி வாசலில் சைக்கிளை நிறுத்தி, “பேக்கரிக்காரங்க மாதிரி யோக்கியமான குடும்பம் உண்டா? எனக்கு மொத்தமா முடிச்சிட்டாங்க, ஒரு காசு பாக்கி இல்ல!” என்று பத்துப் பேர் கேட்கப் புகழ்ந்திருக்கிறாள். நல்லது நினைத்துத்தான் சொன்னாள். அந்தப் புகழ்ச்சிதான் கொள்ளிவைத்தது.

மறுநாள் மழை. காலையிலிருந்து விட்டு விட்டுப் பெய்து தெருவெல்லாம் சேறு. இப்படி ஈரமான நாளில் மாவு சோம்பேறியாகிவிடும், எழும்ப அடம்பிடிக்கும். பேக்கரிக்காரர் ஈஸ்ட்டை ஒரு சிட்டிகை கூடுதலாகப் போட்டுப் பிசைந்து, அச்சுகளில் நிரப்பி, அடுப்புச் சுவரோரம் வெதுவெதுப்பில் அடுக்கி ஈரத்துணி போட்டு மூடியிருந்தார். சாயங்காலம் டீக்கடைகளுக்குப் போகவேண்டிய ரொட்டி அது. கையில் புழங்குகிற ஒரே காசும் அதுதான். பேக்கரியம்மா மறுபடியும் காண்டிராக்ட்காரர் வீட்டுக்குக் குடையோடு போயிருந்தாள். கடையில் அவள் தம்பி நின்றான்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து நான் மெஷினில் உட்கார்ந்த சமயம், ஒரு சின்ன லாரி வந்து பேக்கரி முன்னால் நின்றது. அதிலிருந்து மண்டிக்காரரும், ஸ்பானரோடு இரண்டு சுமைக்காரர்களும் இறங்கினார்கள். பின்னாலேயே தவணைக்காரனின் பைக். விறகுக்காரர் நனைந்துகொண்டே நடந்து வந்தார். தம்பி பதறிப்போய்த் தட்டில் கரண்டியால் டங்கென்று தட்டினான். பரணுக்கு அதுதான் அடையாளம். ஏணி கிறீச்சிடுவது என் கடைவரைக்கும் கேட்டது.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பன் வாங்குகிற சாக்கில் தெருவைத் தாண்டிப் போனேன்.

“மாவு பிசையிற மெஷினக் கழட்டுங்கடா” என்றார் மண்டிக்காரர். அன்றைக்கு அவர் ஸ்டூலைத் தேடவில்லை.

“அண்ணே, அக்கா வந்துடட்டும்ணே” என்று தம்பி மெஷினுக்குக் குறுக்கே நின்றான். “இது இல்லாட்டி நாங்க என்னத்தப் பொழைக்கிறது?”

“எந்த ஊர்ல போயி பொழைக்கப் போறீங்களோ, அங்க புதுசு வாங்கிக்குங்க.”

“எந்த ஊருக்குண்ணே போறோம்?”

“அத நீதான் சொல்லணும்” என்றான் தவணைக்காரன். “முட்டைக்கு செட்டில் பண்ணியாச்சு. இன்னிக்கு டீக்கடை, நாளைக்கு எதிர்க்கடை டெய்லரு, நாளான்னிக்குக் கதவுல பூட்டு. நாங்க பாக்காத கதையா?”

விறகுக்காரர் என் பக்கம் திரும்பி, “உனக்குக் குடுத்தாச்சா?” என்று கவலையாகக் கேட்டார்.

“எனக்கு அவங்க தரவேண்டியதே இல்லையே” என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

மெஷின் சிமென்ட் தரையில் நாலு போல்ட்டு போட்டு இறுக்கியது. வருஷக்கணக்கில் மாவும் எண்ணெயும் படிந்து போல்ட்டுகள் கல்லாகிக் கிடந்தன. சுமைக்காரர்கள் தரையில் முட்டி போட்டு, ஸ்பானரில் குழாயைச் சொருகித் தொங்கினார்கள். முதல் போல்ட்டு ஒரு முனகலோடு அசைந்தது. தம்பி அழுதுவிடுவான் போலிருந்தான். நானும் இரண்டு வார்த்தை சொல்லிப் பார்த்தேன். மண்டிக்காரர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவரைக் குற்றம் சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை. சூடு கண்ட பூனை அவர்.

அப்போது அடுப்போரம் ஈரத்துணி மெல்ல உயர்ந்துகொண்டிருந்ததை நான் பார்த்தேன். கூடுதல் ஈஸ்ட்டும் அடுப்புச் சூடும் சேர்ந்து மாவு அச்சு விளிம்பைத் தாண்டி உப்பியிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் பொங்கி அமுங்கிப் புளித்துப் போகும், பிறகு மாட்டுக்குத்தான் போடவேண்டும். லேசான புளிப்பு வாசனை எனக்கே வந்துவிட்டது. பரணுக்கு வராமல் இருக்குமா?

ஏணி கிறீச்சிட்டது.

பேக்கரிக்காரர் இறங்கி வந்தார். தலை, புருவம், தோள் எல்லாம் வெள்ளை. அவர் யாரையும் பார்க்கவில்லை. நேரே அடுப்புக்குப் போனார், கதவைத் திறந்து உள்ளே கையை நீட்டிச் சூடு பார்த்தார், துணியை உருவி எறிந்தார்.

“கொஞ்சம் தள்ளிக்குங்க” என்றார். வழியில் நின்றது தவணைக்காரன். அவன் நகர்வதற்குள் அவன் கையில் இரண்டு அச்சைக் கொடுத்துவிட்டு, “சாய்ச்சிடாதீங்க தம்பி” என்றார். அவன் பைக் சாவியை வாயில் கவ்விக்கொண்டு, பிறந்த குழந்தையை வாங்கின மாதிரி பிடித்துக்கொண்டு நின்றான்.

மண்டிக்காரருக்குக் கோபம் தலைக்கேறியது. “என்னய்யா இது? நாங்க இங்க நிக்கிறது உன் கண்ணுக்குத் தெரியலயா?”

“தெரியுதுண்ணே. மாவு பொங்கிடுச்சு.”

“பொங்கட்டும்!”

“உங்க மாவுண்ணே” என்றார் பேக்கரிக்காரர். “இன்னும் காசு குடுக்கலல்ல, உங்களோடதுதான்.”

கேலியாகச் சொல்லவில்லை, அவருக்குக் கேலி வராது. நியாயத்தைத்தான் சொன்னார். மண்டிக்காரர் அச்சுகளைப் பார்த்தார். நாற்பது வருஷம் மாவு வியாபாரம் செய்த ரத்தம் அவருக்குள் கொதித்திருக்கவேண்டும்.

“டேய், என்னடா வேடிக்கை பாக்குறீங்க? ஸ்பானரக் கீழ போடுங்க. அந்த அச்செல்லாம் எடுத்துக் குடுங்க அவர்கிட்ட. கெட்டா யாருக்கு நட்டம்? எனக்கு!”

பிறகு நடந்தது கூத்து. சுமைக்காரர்கள் இருவர், தம்பி, தவணைக்காரன் என்று வரிசையாக நின்று அச்சுகளைக் கைமாற்றினார்கள். விறகுக்காரர் தன் விறகைத் தானே எடுத்து அடுப்பில் சொருகினார். நான் துணிகளை மடித்தேன். பேக்கரிக்காரர் நீளத் துடுப்பால் ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினார். கடைசி அச்சு போனதும் கதவைச் சாத்திவிட்டு, வேறு செய்ய எதுவும் இல்லாமல், எல்லோருக்கும் நடுவில் நின்றார். ஏணியை ஒருதரம் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்துப் பேக்கரியம்மா குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். லாரியைப் பார்த்தாள், அசைந்திருந்த போல்ட்டைப் பார்த்தாள், கீழே நின்ற புருஷனைப் பார்த்தாள். மற்றதை விட அதுதான் அவளுக்கு அதிர்ச்சி.

“என்னண்ணே இது? சொல்லாமக் கொள்ளாம மெஷினத் தூக்க வந்திருக்கீங்க?”

“சொல்லாமக் கொள்ளாம ஓடப் பாக்குறது யாரும்மா? முட்டைக்காரிக்கு மொத்தமா முடிச்சியா இல்லையா?”

“முடிச்சேன். கடன அடைச்சது தப்பா?”

“ஒருத்தருக்கு மொத்தமா அடைக்கிறவன் ஊரக் காலி பண்றான்னு அர்த்தம். சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.”

அவள் புருஷன் பக்கம் திரும்பி, “உங்களுக்குத் தெரியுமா இது?” என்றாள்.

“தெரியும்.”

“ஏன் சொல்லல?”

“சொல்லலாம்னுதான் வாயெடுத்தேன். நீ ஆசையா இருந்த.”

அவளுக்கு அழுகையா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், மழைத்தண்ணி என்று நினைத்துக்கொள்ளட்டும் என்பதுபோல.

இதற்குள் சேதி கேட்டு முட்டைக்காரம்மா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மூச்சிரைக்க ஓடிவந்தாள். வந்த வேகத்தில் ஒரு தட்டு முட்டையை மேசையில் வைத்தாள். “இந்தாங்க, கடன்! நான் குடுத்துட்டேன். இப்ப மறுபடியும் இவங்க எனக்குத் தரணும். போதுமா? என் வாயில வசம்பத் தேய்க்க! பெருமையாச் சொன்னது இப்படி ஆகும்னு யார் கண்டா?”

“ஒரு தட்டு முட்டைக்கு என் மூட்டைங்க ஈடாகுமாம்மா?” என்றார் மண்டிக்காரர். ஆனால் குரலில் பழைய வேகம் இல்லை. “எனக்குக் காரணம் வேணும். எத நம்பி நான் மெஷின விட்டுட்டுப் போறது?”

பேக்கரியம்மா வழக்கம்போல ஆரம்பித்தாள். “வந்துடும்ணே. அந்தக் காண்டிராக்ட்காரர் இன்னிக்குக்கூட...”

“வராது” என்றார் பேக்கரிக்காரர்.

அவர் பேசியதே எல்லோருக்கும் புதுசு. அவர் கையிலிருந்த மாவைத் தேய்த்து உதிர்த்துக்கொண்டே பேசினார், யார் முகத்தையும் பார்க்காமல்தான் ஆரம்பித்தார்.

“அந்தப் பணம் வராதுண்ணே. இவ வரும் வரும்னு சொல்றது பொய் இல்ல, ஆசை. என்கிட்ட இப்ப எதுவும் இல்ல. உங்களுக்குத் தரவேண்டியது பெரிசு, அத அடைக்க வருஷமாகும். டீக்கடை ரொட்டியில வாரத்துக்குக் கொஞ்சம் மிஞ்சும். அத சனிக்கிழமை சனிக்கிழமை தரேன். உங்களுக்குப் பாதி, இவங்க ரெண்டு பேருக்கும் மீதி. புது மாவு கைக்காசுக்குத்தான் வாங்குவேன், கடனா கேக்கமாட்டேன். மெஷின் போச்சுன்னா கையால பிசையணும். கையால பிசைஞ்சா பாதி ரொட்டிதான் வரும். அப்ப எங்க வயித்துக்கே பத்தாது, உங்களுக்கு எதத் தருவேன்?”

இங்கே நிறுத்தி, கடைசியில் மண்டிக்காரர் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். “அவமானமா இருந்துச்சுண்ணே. அதான் கீழ வரல.”

அடுப்புக்குள் விறகு வெடிக்கிற சத்தம் கேட்டது.

“இதச் சொல்ல உனக்கு இத்தன மாசமாச்சா?” என்றார் மண்டிக்காரர். “நீ பரண்ல இருக்கிறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? அந்த ஸ்டூல்ல உக்காந்தா மேலருந்து மாவு கொட்டும். வீட்டுக்குப் போனா என் வீட்டுக்காரி கேப்பா, எங்க போயி வெள்ளையடிச்சிட்டு வரீங்கன்னு. நீயா எறங்கி வருவன்னுதான்யா நான் பேசாம உக்காந்திருந்தேன். வந்து ‘இல்ல’ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் பிஸ்கட்காரன நெனச்சு பயந்திருக்கமாட்டேன். எனக்கும் மில்லுக்காரன் இருக்கான். அவன் ஸ்டூல்ல உக்காரமாட்டான், என் தலைமேலயே உக்காருவான்.”

தவணைக்காரன், “அண்ணே, எங்க மொதலாளி சனிக்கிழமைக்கு ஒத்துக்கணும்...” என்று இழுத்தான்.

“நான் பேசுறேன் அவன்கிட்ட. நீ மொதல்ல மூக்கத் தொடச்சுக்க, மாவு ஒட்டியிருக்கு” என்றார் மண்டிக்காரர். சுமைக்காரர்கள் பக்கம் திரும்பி, “போல்ட்ட இறுக்குங்கடா” என்றார்.

ரொட்டி வெளியே வந்தபோது மழை விட்டிருந்தது. கொஞ்சம் அதிகமாக எழும்பிய மாவு, அதனால் தலைப்பக்கம் ஒருபக்கமாகச் சாய்ந்த ரொட்டிகள். ஆனாலும் வாசனைக்குக் குறைவில்லை. தம்பி டீக்கடைகளுக்குப் பெட்டி கட்டினான். பேக்கரியம்மா பெரிசாக ஒரு ரொட்டியைத் தாளில் சுற்றி மண்டிக்காரரிடம் நீட்டினாள்.

“வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்கண்ணே.”

அவர் வாங்கிக்கொண்டு மடியிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார்.

“ஐயோ, என்னண்ணே நீங்க? உங்ககிட்ட காசு வாங்குவேனா?” அவள் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“வாங்கித்தான் ஆகணும். ஓசியில தின்னுட்டா சனிக்கிழமை எந்த வாயால நான் கேக்குறது?”

அவள் திகைத்து நிற்க, பேக்கரிக்காரர் முன்னால் வந்தார். நோட்டை வாங்கினார். கல்லாவைத் திறந்து, ரொட்டிக்கு உண்டானதை எடுத்துக்கொண்டு, மீதிச் சில்லறையை மண்டிக்காரர் உள்ளங்கையில் வைத்தார். மண்டிக்காரர் அதை ஒருமுறை எண்ணிப் பார்த்து, சரியாக இருந்ததும் மடியில் போட்டுக்கொண்டார். அந்த வீட்டிலிருந்து பல மாசம் கழித்து அவர் கைக்குப் போன முதல் காசு அந்தச் சில்லறைதான்.

லாரியில் ஏறப்போனவர் படியில் காலை வைத்தபடி திரும்பினார். “சனிக்கிழமை வருவேன்.”

பேக்கரிக்காரர் கடை வாசலுக்கு வந்து, பாதித் தெரு கேட்கும்படி, “வாங்கண்ணே” என்றார்.